வீட்டு டாய்லெட் லைனுக்கு 4 இஞ்ச் பைப் போதுமா, 6 இஞ்ச் போட வேண்டுமா?

கேள்வி: புது வீடு கட்டுகிறோம். கீழே இரண்டு டாய்லெட், மாடியில் ஒன்று. செப்டிக் டேங்க் 40 அடி தள்ளி வருகிறது. பிளம்பர் 4 இஞ்ச் பைப் போதும் என்கிறார். மேஸ்திரியோ பின்னால் அடைப்பு வராது என்று 6 இஞ்ச் போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பிளம்பர் சொல்வதைக் கேளுங்கள். மூன்று டாய்லெட்டுக்கு 4 இஞ்ச் தாராளம். ஆனால் அந்த 40 அடியும் ஒரே சீராக வாட்டம் (சரிவு) இருக்க வேண்டும். வாட்டம் கெட்டால் 4 இஞ்சும் அடைக்கும், 6 இஞ்ச் அதைவிடச் சீக்கிரம் அடைக்கும்.

இப்போது வரும் ஃபிளஷ் டேங்குகள் பெரிய பட்டனை அழுத்தினால் 6 லிட்டர், சின்னதுக்கு 3 லிட்டர் விடும். அவ்வளவு தண்ணீர்தான் மலத்தை 40 அடி இழுத்துப் போக வேண்டும். 4 இஞ்ச் என்று கடையில் தரும் 110 மி.மீ. பைப்பின் உள்விட்டம் சுமார் 103 மி.மீ. 6 இஞ்ச் எனப்படும் 160-க்கு சுமார் 152. உள்ளே இருக்கும் இடம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது, தண்ணீர் மட்டும் அதே 6 லிட்டர். சின்ன பைப்பில் ஆழமாக ஓடி மலத்தைத் தூக்கிப் போகிற தண்ணீர், பெரிய பைப்பில் பரந்து மெல்லிசாக ஓடிவிடும். மலம் அடியிலேயே உட்கார்ந்து காயும், அடுத்து வருவது அதன்மேல் ஏறும். குளியல், துணி துவைத்த தண்ணீரை செப்டிக் டேங்கில் விடாமல் தனியாக வெளியேற்றும் வீடு என்றால், இந்த லைனைக் கழுவிவிட வேறு தண்ணீரும் கிடையாது.

4 இஞ்ச் பைப்புக்கு வாட்டம் 1-க்கு 40. இடம் கிடைக்காவிட்டால் 1-க்கு 60 வரை போகலாம், அதற்கு மேல் மட்டமாக வேண்டாம். அதாவது 10 அடிக்கு 3 இஞ்ச் இறக்கம், குறைந்தபட்சம் 2 இஞ்ச். உங்கள் 40 அடிக்கு முழுசாக 1 அடி, குறைந்தது 8 இஞ்ச். வீட்டுக்குள் டிராப்பிலிருந்து (நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வெளிச்சுவர் வரை ஓடும் நீளத்துக்கும் இதே கணக்கைச் சேர்க்க வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். டேங்கை முதலில் கட்டி, மூடியைத் தரை மட்டத்துக்கு வைத்து, பைப் நுழையும் ஓட்டையையும் விட்டுவிடுவார்கள். பிறகு டாய்லெட்டிலிருந்து நூல் பிடித்தால் 40 அடிக்கு மொத்தம் 3 இஞ்ச்தான் மிஞ்சும். "அதனால் பெரிய பைப் போட்டுக்கலாம்" என்ற யோசனை அப்போதுதான் பிறக்கிறது. டேங்குக்குக் குழி எடுக்கும் முன்பே டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, பைப் நுழையும் மட்டத்தைச் சுவரில் குறித்துவிடுங்கள். டேங்கிலிருந்து வெளியே போகும் பைப் அதைவிட 2 இஞ்ச் கீழே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வாட்டம் சரிபார்க்க எளிய வழி உண்டு. 2 அடி ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் 15 மி.மீ. கனமுள்ள மரத்துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள். துண்டு இறக்கப் பக்கம் வரும்படி பைப்பின் முதுகில் வைத்தால், குமிழி நடுவில் நிற்கும்போது வாட்டம் 1-க்கு 40. சாக்கெட் (அடுத்த பைப் நுழையும் அகன்ற முனை) மேல் வைத்துப் பார்க்காதீர்கள், கணக்கு தப்பும். ஒவ்வொரு பைப்பிலும் இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். நிரப்பின மண்ணில் பைப் நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் நிரந்தரமாகத் தேங்கி, அடைப்பு அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். கீழே மண்ணை இடித்து, 4 இஞ்ச் மணல் பரப்பி, சாக்கெட் வரும் இடத்தில் மட்டும் சின்னப் பள்ளம் பறித்தால் பைப் முழு நீளமும் மணலில் உட்காரும்.

கடையில் வெறுமனே "4 இஞ்ச் பைப்" என்று கேட்டால் மெல்லிசு வந்துவிடலாம். எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் (மலம், கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி. பைப்) ஏ டைப், பி டைப் என்று இரண்டு உண்டு. 110 மி.மீ.யில் ஏ டைப்பின் கனம் 2.2 மி.மீ., பி டைப் 3.2. முதலாவது மழைத்தண்ணீருக்கும் வென்ட்டுக்கும் (காற்றுப் போக்கிக்கும்), டாய்லெட்டுக்கு பி டைப்தான். பைப் மேலேயே ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 13592, டைப் பி என்று அச்சிட்டிருக்கும், படித்துப் பார்த்து இறக்குங்கள். மண்ணுக்குள் போகும் நீளத்துக்கு ஐ.எஸ். 15328 பைப் இன்னும் நல்லது. கார் ஏறும் இடத்தில் சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

மாடி டாய்லெட்டின் இறங்கு பைப்பும் 4 இஞ்ச்தான். அடியில் திரும்பும் இடத்தில் ஒரே 90 டிகிரி எல்போ வேண்டாம், இரண்டு 45 டிகிரி பெண்டு போடுங்கள். மேல்முனையை மூடாமல் மொட்டை மாடிக்கு மேல் ஏற்றி கௌல் (காற்று போகும் ஓட்டைகள் உள்ள மூடி) மாட்ட வேண்டும். இதை மூடிவிட்டால் மாடியில் ஃபிளஷ் பண்ணும்போது கீழ் டாய்லெட் "குளுக் குளுக்" என்று சத்தம் போடும். டிராப்பில் நிற்கும் 2 இஞ்ச் தண்ணீர் உறிஞ்சப்பட்டு நாற்றம் வீட்டுக்குள் வரும். கீழ்த்தள டாய்லெட்டுகளை அந்த இறங்கு பைப்பின் அடியில் சேர்க்காமல் தனித்தனியாக சேம்பருக்கு (லைன்கள் சேரும் மூடி போட்ட சின்னத் தொட்டி) கொண்டுபோங்கள்.

மற்றவை சுருக்கமாக: குளியலறைத் தரைத் தண்ணீர் இறங்கும் நானி டிராப்புக்கு 75 மி.மீ., கிச்சன் சிங்குக்கு 50, வாஷ் பேசினுக்கு 40. சிங்க் லைன் கல்லி டிராப் (வீட்டுக்கு வெளியே தரையில் வைக்கும் டிராப்) வழியாகத்தான் போக வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு டாய்லெட் லைனில் சேரக் கூடாது. மழைத்தண்ணீரையும் இதில் விடாதீர்கள். எந்த லைனாக இருந்தாலும் போகப் போக பைப் சிறுக்கக் கூடாது. 4 இஞ்சுக்குப் பிறகு ஒரு அடி 3 இஞ்ச் துண்டு ஒட்டினாலும் அடைப்பு அங்கேதான்.

லைன் திரும்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சேம்பர் கட்டுங்கள். அதன் அடியைத் தொட்டி மாதிரி சமதளமாக விடாமல், பைப்பை நீளவாக்கில் பாதியாகப் பிளந்து பதித்து, இருபுறமும் சரிவாகப் பூசச் சொல்லுங்கள்.

மேஸ்திரியின் 6 இஞ்சுக்கும் இடம் உண்டு. அடுக்குமாடியில் பல வீட்டு லைன்கள் ஒன்றாகச் சேர்ந்த பிறகு, 1-க்கு 60 முதல் 1-க்கு 100 வாட்டத்தில் அதைப் போடுவார்கள். அங்கே நாள் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழியை மூடும் முன் டேங்க் பக்கம் பைப்பை அடைத்து, தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு அடைப்பை எடுத்துவிட்டு, 90 மி.மீ. உருண்டை ஒன்றை மேல் சேம்பரில் போட்டால் அது தானாக உருண்டு கீழே வந்து விழ வேண்டும். நடுவில் நின்றால் அந்த இடத்தைத் தோண்டி மட்டம் சரிசெய்த பிறகே மண் தள்ள விடுங்கள்.