பத்துப் பேர், பத்து நிறம்

தம்பி, கேன்டீனில் ஒருவர் நொதிக்கவைத்த சோயா பீன்ஸான நாத்தோவை நீட்டியபோது, 'ஒருவருக்கு உணவு, இன்னொருவருக்கு விஷம்' என்ற ஆங்கிலப் பழமொழியை அப்படியே ஜப்பானியத்தில் சொன்னேன், மேசையே அமைதியாகிவிட்டது, வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

ஆங்கிலத்தில் அது பழகித் தேய்ந்த பேச்சு. ஜப்பானியத்தில் 'தொகு' என்றால் அசல் விஷம்தான். தினமும் காலையில் சோற்றில் போட்டுச் சாப்பிடுவதை நீங்கள் விஷம் என்றதாகத்தான் அவர் காதில் விழுந்திருக்கும்.

அந்த இடத்துக்கு 'ஜூனின் தோஇரோ' சரியாக இருக்கும். பத்துப் பேர், பத்து நிறம். யாரையும் தாழ்த்தாத சொல். அதற்கு முன் 'நாத்தோ வா சோத்தோ நிகாதே தே...' என்று இழுத்து நிறுத்திவிடுங்கள். 'நிகாதே' என்றால் எனக்கு ஒத்துவராது. குறை சாப்பாட்டில் இல்லை, என்னிடம்தான் என்று ஆகிவிடும். ஒசாகா பக்கத்துக்காரர்களிலேயே நாத்தோவைத் தொடாதவர்கள் உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

அப்புறம், 'ததே குவு முஷி மோ சுகிசுகி' என்பதும் காதில் விழும். அதில் கவனம் தேவை. ததே நீரோரம் வளரும் காரச் செடி. கோடையில் சுட்ட அயு மீனோடு, அதன் இலையை அரைத்து வினிகரில் கலந்து சின்னக் கிண்ணத்தில் வைப்பார்கள். ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன். முதலில் புளித்தது, பிறகு சுரீரென்று ஏறியது. அதையும் விரும்பித் தின்னும் பூச்சி உண்டு என்பதுதான் பழமொழி.

'வேம்பின் புழு வேம்பன்றி உண்ணாது' என்று திருமங்கையாழ்வார் பாடியது நினைவுக்கு வர, இதுவும் அப்படி நெகிழ்ந்து சொல்வது என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணம் நிச்சயமான நண்பரிடம் வாழ்த்தாகவே சொன்னேன். கையில் பிடித்திருந்த பெண்ணின் படத்தை மெதுவாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். 'இதைக்கூட ஒருத்தர் விரும்புவாரா' என்ற தொனி அதில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், ஆனாலும் இன்றைக்கும் உறுத்துகிறது.

ஆழ்வார் புழு என்றது தன்னைத்தான். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதத்துக்கு ஏன் இவ்வளவு ஊறுகாய் என்று யாராவது கேட்டால், உங்களைப் பற்றி நீங்களே இதைச் சொல்லலாம், சிரித்துவிடுவார்கள்.

நாத்தோ நீட்டியவரிடம் நாளைக்கே போய் விளக்கிச் சொல்லிவிடுங்கள். நல்ல மனசோடு நீட்டியிருக்கிறார், தள்ளிப்போடாதீர்கள்.