தூத்துக்குடிக்கு அனுப்பலாமா? பூ மார்க்கெட் அண்ணனுக்கு ஒரு கடிதம்

அண்ணே, முந்தாநாள் நீங்களும் மதினியும் வந்தபோது ஒரு மணி நேரம் நாம் மூன்று பேர்தான் பேசினோம். உங்கள் மகள் வாயே திறக்கவில்லை. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இடம் கிடைத்த ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்து நான்காக மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாள்: "விசைப்படகுல பொம்பளப் பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போவாங்களா சார்?"

அந்தக் கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. அவள் மனதளவில் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். நீங்கள்தான் இன்னும் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் நிற்கிறீர்கள்.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு பக்கம் லேடி டோக்கில் விலங்கியல் கிடைத்திருக்கிறது. 1948-லிருந்து மதுரைப் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்த கல்லூரி, அவனியாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். இன்னொரு பக்கம், மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி. "மதுரையில இல்லாத படிப்பா?" என்று மதினி கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், இந்தப் படிப்பு மதுரையில் இல்லை. நான்கு வருட மீன்வள அறிவியல் பட்டம் அது. 1977-இல் தொடங்கிய அந்தக் கல்லூரி இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. அதில் இடம் வாங்கிவிட்டுத்தான் உங்கள் மகள் அந்தக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஊரில் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று நினைக்கிறோம். சில படிப்புகளுக்கு அது சரி. இதற்குச் சரியில்லை. உங்களுக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொல்கிறேன். மல்லிகையைப் பற்றி ஒருவன் சென்னையில் உட்கார்ந்து புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் விடியுமுன் பறித்த மொட்டு மூட்டையைக் கைவிட்டு அளைந்து பார்த்து, இது மதியம் வரை தாங்குமா, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து வெளியூர் அனுப்பலாமா என்று சொல்ல உங்கள் மார்க்கெட்டில்தானே நிற்க வேண்டும்? வெயில் ஏற ஏற விலை இறங்குவதை எந்தப் பாடப்புத்தகம் உங்களுக்குச் சொல்லித்தந்தது?

மீனும் அப்படித்தான் அண்ணே. சில வருடங்களுக்கு முன் தூத்துக்குடிக் கல்லூரியில் படித்த ஒரு மாணவியைப் பார்க்கப் போனபோது, மீன்பிடித் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனாள். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். படகுகள் ஒவ்வொன்றாக வந்து அணைகின்றன. ஊளி, பாறை, கணவாய் என்று வகை பிரித்துத் தரையில் கொட்டுகிறார்கள், ஏலம் போகிறது. அந்தப் பிள்ளை ஒரு பாறை மீனின் செவுளைத் தூக்கி எனக்குக் காட்டினாள். நல்ல சிவப்பு. பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் தூக்கினாள், பழுப்பு ஏறியிருந்தது. "ரெண்டும் ஒரே படகு சார். இதுக்கு ஐஸ் பத்தல. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேணும்" என்றாள். ஏலக்காரர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அதைச் சொல்லும்போது அவளுக்கு வயது இருபது. உங்கள் மகள் சின்ன வயதிலிருந்து உங்கள் கடையில் பூவைத் தொட்டுப் பார்த்தே வளர்ந்தவள். அழுகும் சரக்கு என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஊரில் துறைமுகம் இருக்கிறது, ஏற்றுமதிக்கு மீன் பதப்படுத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இருக்கிறது. ராமேஸ்வரம் வரை நீளுகிற மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன. படிக்கிற விஷயம் கண்ணெதிரே நடக்கிற ஊர் அது. மதுரை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடலைக் கொண்டுவந்து தர முடியாது.

வேலை விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தனியார் இறால் பண்ணை, குஞ்சு பொரிப்பகம் போன்ற இடங்களில் ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, பல இடங்களில் ஆந்திராப் பக்கம் போகச் சொல்வார்கள். அதற்கு நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் வங்கிகளின் விவசாய அதிகாரி தேர்வை நான்கு வருட மீன்வளப் பட்டத்தோடு எழுதலாம், மூன்று வருட விலங்கியலோடு எழுத முடியாது. டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வளத் துறை ஆய்வாளர் பணி இருக்கிறது. மேலே படிக்க நினைத்தால் மும்பையில் இருக்கிற மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் வரை கதவு திறந்திருக்கிறது. அவள் டீச்சராக ஆசைப்பட்டால் மட்டும் லேடி டோக்கிலேயே சேருங்கள், அப்புறம் பி.எட். முடிக்கலாம். நான் கேட்டுப் பார்த்தேன், அந்த ஆசை அவளுக்கு இல்லை.

செலவு. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுக்கு இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்ததா, பொதுவில் கிடைத்ததா என்று ஆணையில் பாருங்கள். ஒதுக்கீட்டில் என்றால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். எதில் கிடைத்திருந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். அந்தப் பணத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும் அண்ணே, இது என் தனிப்பட்ட வேண்டுகோள்.

மதினிக்கு இருக்கிற பயம் வேறு. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதையும் தூத்துக்குடித் தெருக்களில் தண்ணீர் நின்றதையும் டிவியில் பார்த்திருக்கிறார்கள். அது நியாயமான பயம். ஐப்பசி, கார்த்திகையில் விடுதியில் என்ன ஏற்பாடு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று வார்டனிடமே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஊர் அமைதியாக இருக்கிறதே, பிள்ளை தனியாகிவிடுவாளே என்பதற்கு நான் என்ன சொல்ல? நம் தூங்கா நகரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். தினமும் போன் பண்ணுவாள். இரண்டாவது மாதம் நீங்கள் போன் பண்ண வேண்டியிருக்கும்.

ஒன்று செய்யுங்கள். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருகிற திங்கட்கிழமை மூன்று பேரும் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுங்கள். அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகப் போனால் மதியத்துக்குள் கல்லூரியைப் பார்த்துவிடலாம். விடுதியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று மதினி பார்க்கட்டும், அந்த ஊரில் அது முக்கியம். ராத்திரி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்துவிட்டது, படகுகள் ஓடுகின்றன. ஏலத்தை நீங்கள் பாருங்கள், விலை எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்பது உங்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். படகில் பெண்பிள்ளைகளைக் கூட்டிப் போவார்களா என்பதைக் கல்லூரியில் அவளே கேட்கட்டும். நீங்கள் இடையில் பேசாதீர்கள்.

சேர்க்கைக்கான கடைசித் தேதி ஆணையின் கீழே இருக்கிறது. சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று மூன்றின் அசலையும் அன்றைக்கே கையில் எடுத்துப் போய்விடுங்கள். அந்த ஆணையை மட்டும் மதினியிடம் கொடுத்து வையுங்கள், இன்னும் இரண்டு நாள் அவள் கையில் இருந்தால் மடிப்பில் கிழிந்துவிடும்.