வாசகர் கேள்வி: உயர்ந்தவனை ஏன் வீழ்த்துகிறார்கள்?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ‘தி கிரேட் கேட்ஸ்பி’ பாடமாக உள்ளது. உழைத்தால் உயரலாம் என்று உலகுக்கே சொல்லும் நாடு, உயர்ந்தவனைக் கதையில் ஏன் வீழ்த்துகிறது? அமெரிக்க எழுத்தாளர்களுக்குப் பணத்தின்மேல் வெறுப்பா?
– ஒரு வாசகி, வாணியம்பாடி

பதில்: பணத்தின்மேல் அல்ல, பணம் வந்த வழியை ஒருவனிடம் மட்டும் கேட்டுவிட்டு இன்னொருவனை விட்டுவிடும் சமூகத்தின்மேல்தான் அவர்களுக்குக் கோபம். 1925இல் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதிய அந்த நாவலின் இறுதியில், இறந்துபோன நாயகன் கேட்ஸ்பி சிறுவனாக இருந்தபோது ஒரு பழைய புத்தகத்தில் எழுதி வைத்த கால அட்டவணையை அவன் தந்தை எடுத்துக் காட்டுகிறார். காலை 6 மணிக்கு எழ வேண்டும், மின்சாரம் பற்றிப் படிக்க வேண்டும், வாரம் 5 டாலர் (அதை அடித்துவிட்டு 3 டாலர்) சேமிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உழைத்து உயர்ந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் சுயசரிதையில் வகுத்த தினசரி ஒழுங்கின் சாயல் இது. ஆனால் கேட்ஸ்பியைச் செல்வனாக்கியது அந்த ஒழுங்கு அல்ல, மதுவிலக்குக் காலத்துக் கள்ளச் சாராய வியாபாரம். பரம்பரைச் சொத்தில் வாழ்ந்து, ஒரு வேலையும் செய்யாத டாம் புக்கானனோ (கேட்ஸ்பி காதலித்த பெண்ணின் கணவன்) எந்தச் சேதமும் இல்லாமல் தப்பிவிடுகிறான்.

முன்னேற்றக் கதைகளுக்குப் பேர்போன ஹொரேஷியோ ஆல்ஜரின் ‘ராக்ட் டிக்’ (1868) நாவலில்கூட, ஷூ பாலிஷ் போடும் சிறுவன் படித்தும் சேமித்தும் வந்தாலும், தண்ணீரில் விழுந்த ஒரு செல்வரின் பிள்ளையைக் காப்பாற்றிய பிறகே நல்ல வேலை கிடைக்கிறது. உழைப்பை மட்டும் நம்பிக் கதையை முடிக்க ஆல்ஜருக்கே துணிவு வரவில்லை போலும்.

என் கணிப்பில், தொழில் நகரத்தில் வாழும் உங்களுக்கு கேட்ஸ்பியைவிட நெருக்கமானவர் வில்லியம் டீன் ஹவல்ஸ் 1885இல் படைத்த நாவல் நாயகன் சைலஸ் லாஃபம். பெயின்ட் வியாபாரத்தில் பொருள் சேர்த்து, பாஸ்டன் மேட்டுக்குடியினரோடு சமமாக அமர விரும்பி அவர் கட்டும் புது வீடு, காப்பீடு காலாவதியான சில நாட்களில் எரிந்துபோகிறது. மதிப்பிழக்கப்போகும் சொத்தை, விவரம் அறியாத வெளிநாட்டாரிடம் தள்ளிவிட்டால் மீளலாம் என்ற வாய்ப்பு வருகிறது. இரவெல்லாம் அறையில் நடந்து தீர்த்துவிட்டு, அவர் அதை மறுக்கிறார், நொடித்துப்போகிறார்.

அந்தக் காலத்து அமெரிக்கச் செல்வம் முழுவதையும் நாவல்களைக் கொண்டே அளந்துவிடவும் வேண்டாம். வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1902இல் திறந்த மருத்துவமனைக்கு, நியூயார்க் வங்கியாளர் ஷெல் தம் மனைவியின் நினைவாகத் தந்த 10,000 டாலரும் அதே செல்வத்தில் வந்ததுதான்.

‘தி ரைஸ் ஆஃப் சைலஸ் லாஃபம்’ குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நேரமில்லை என்றால், அவர் இரவெல்லாம் நடக்கும் பகுதியை மட்டுமாவது தேர்வுக்கு முன் படித்துவிடுங்கள்.