அட்லாண்டிஸ் தீவு உண்மையிலேயே இருந்ததா?

கடலில் மூழ்கிப்போனதாகச் சொல்லப்படும் அந்தத் தீவு இருந்ததே இல்லை என்பதுதான் என் பதில். பள்ளி நாட்களில் ஒரு சிறுவர் இதழில் கடலுக்கடியில் தூண்கள் நிற்கிற படத்தைப் பார்த்ததிலிருந்து, அது இருந்தே ஆக வேண்டும் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதியதையே மொழிபெயர்ப்பில் படித்த பிறகுதான் மனம் மாறியது.

அட்லாண்டிஸ் பற்றிய எல்லாப் பேச்சுக்கும் மூலம், கி.மு. 360 வாக்கில் அவர் எழுதிய டைமேயஸ், கிரிட்டியாஸ் என்ற இரண்டு உரையாடல்கள்தான். அதற்கு முந்தைய எந்தக் கிரேக்க எழுத்திலும் இந்தக் கதை கிடைக்கவில்லை, எகிப்துக்கே போய்வந்து அவ்வளவு எழுதிய வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்கூட இதைச் சொல்லவில்லை. பிளேட்டோவோ, எகிப்தின் சாயிஸ் நகரத்துப் பூசாரி ஒருவர், ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோனிடம் சொன்னதாகச் சொல்கிறார். நம்மை மயக்குவது அவர் தரும் அளவுகள். நிலமும் நீரும் மாறிமாறி வளையம் வளையமாகச் சூழ்ந்த தலைநகரம், கடலிலிருந்து அதற்கு வெட்டிய கால்வாய் 300 அடி அகலம், 100 அடி ஆழம். இவ்வளவு கணக்காகச் சொன்னால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

ஆனால் அதே கதையில் இன்னொரு நகரமும் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை. ஏதென்ஸ். சோலோன் காலத்துக்கும் 9000 ஆண்டுகளுக்கு முன் அட்லாண்டிஸ் படையெடுத்து வந்தபோது கடைசியில் தனியாக நின்று அதை முறியடித்தது பழைய ஏதென்ஸ் என்கிறார் பிளேட்டோ. அங்கே போர்வீரர்களுக்குச் சொந்தச் சொத்து கிடையாது, எல்லாம் பொது. அவர் முன்பே குடியரசு நூலில் வரைந்து காட்டிய இலட்சிய நாடு அப்படியே இதுதான்! தீவு உண்மை என்றால் அந்த ஏதென்ஸும் உண்மையாக இருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் கிரேக்க மண்ணில் விவசாயமே தொடங்கவில்லை, வேட்டையாடிய மக்கள்தான் இருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது. கடற்படையும் செல்வமும் பெருகித் திமிர் பிடித்த ஒரு நாடு, அடக்கமான ஒரு சிறு நாட்டிடம் தோற்பதைத் தன் ஊர்க்காரர்களுக்குக் காட்டத்தான் அவர் இதைக் கட்டினார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அவர் காலத்து ஏதென்ஸே அப்படிப்பட்ட கடல் வல்லரசாக இருந்து, இன்னொரு கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவிடம் விழுந்த நகரம்.

சரி, ஒரே பகல் ஒரே இரவில் மூழ்கியது என்பது எங்கிருந்து வந்தது? பலர் கிரேக்கத் தீவான சாண்டோரினியின் எரிமலையைச் சொல்வார்கள். அது கி.மு. 1600 வாக்கில் வெடித்தது, அக்ரோத்திரி என்ற அழகான ஊரையே சாம்பலில் புதைத்தது. இருக்கலாம். எனக்கு அதைவிட ஹெலிக்கே நெருக்கமாகப் படுகிறது. கிரேக்கத்தின் கொரிந்த் வளைகுடா ஓரத்தில் இருந்த ஊர். கி.மு. 373-இல், பிளேட்டோவுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தபோது, குளிர்கால இரவொன்றில் நிலநடுக்கத்தில் இடிந்து, பின்னாலேயே வந்த கடலில் மூழ்கிப்போனது. பிறகு உடல்களை எடுக்க 2000 பேரை அனுப்பியும் முடியவில்லையாம். அந்த ஊரின் பெரிய தெய்வம் கடல் கடவுளான பொசைடன், அட்லாண்டிஸுக்கும் அவர்தான் தெய்வம். நீருக்கடியில் நிற்கும் அவருடைய வெண்கலச் சிலையில் வலை மாட்டிக்கொள்கிறது என்று படகோட்டிகள் பிற்காலத்தில் சொன்னதை, பழங்காலப் புவியியல் எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். தீவு தேடுகிற ஆர்வத்தில் கால்வாசியாவது இந்த ஊர் மேல் வந்திருக்கலாமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம், அங்கே செத்தவர்கள் நிஜ மனிதர்கள்.

அட்லாண்டிக் கடலுக்கடியில் கண்டம் மூழ்கியிருக்கிறது என்ற பேச்சு 1882-இல் இக்னேஷியஸ் டானலி என்ற அமெரிக்க அரசியல்வாதி எழுதிய புத்தகத்தால் பெரிதாகப் பரவியது. அந்தக் கடலின் நடுவில் உள்ள மலைத்தொடர் புதிதாகப் பாறை உருவாகிற இடம், மூழ்கிப்போன நிலம் அல்ல.

முடிந்தால் கிரிட்டியாஸைப் படித்துவிடுங்கள், சிறியதுதான், ஒரு மாலையில் முடியும். கடைசியில் சியூஸ் தேவர்களையெல்லாம் கூட்டிப் பேசத் தொடங்குகிறார், அந்த வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது.