உங்களை ரொம்ப நாள் மண்டை காய வைத்த தொடர் எபிசோடு எது?

பிபிசியின் 'ஷெர்லாக்', இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு. 2012 ஜனவரி 15 அன்று ஒளிபரப்பானது. பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முடிச்சை அவிழ்த்துத்தான் எழுதப்போகிறேன்.

லண்டன் பார்ட்ஸ் மருத்துவமனையின் மொட்டைமாடி விளிம்பில் துப்பறிவாளன் ஷெர்லாக், கீழே தெருவில் அவன் நண்பன் ஜான். நின்ற இடத்தைவிட்டு நகராதே என்று போனில் சொல்லிவிட்டுக் குதிக்கிறான். ஜான் ஓடிவரும்போது ஒரு சைக்கிள்காரன் மோதித் தள்ளிவிட்டுப் போகிறான். எழுந்து தடுமாறிப் போய் மணிக்கட்டைப் பிடித்தால் நாடி இல்லை. அடக்கமும் ஆகிவிடுகிறது. கடைசியில் பார்த்தால், கல்லறைத் தோட்டத்தில் தள்ளி நின்று ஜானையே பார்த்துக்கொண்டிருக்கிறான் ஷெர்லாக்! எப்படிப் பிழைத்தான் என்பதற்கு அடுத்த எபிசோடு 2014 ஜனவரி 1 அன்றுதான் வந்தது.

எனக்கு அந்த 2012 எபிசோடு பென்டிரைவில் கிடைத்தபோது திருவையாற்றில் அத்தை வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் மின்வெட்டு எப்படி இருந்தது என்று ஊரில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஜூன் 12 அன்று மேட்டூரும் திறக்கவில்லை, காவிரி முழுக்க மணல். கரண்ட் போனதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படித்துறைக்குப் போய்விடுவோம். சார்ஜ் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது என்பதால் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவோம்.

அத்தான் பிடித்துக்கொண்டது அங்கே நிற்கும் லாரியை. மூட்டை மூட்டையாக ஏற்றிய லாரி ஒன்று சரியாக அந்த நேரத்தில் கிளம்பிப் போகும். "வைக்கப்போர்ல குதிக்கிற மாதிரி அதுல குதிச்சிட்டான்டா" என்பார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் ஜான் நிற்கும் இடத்தைத்தான் பார்த்தேன். அவனுக்கும் ஷெர்லாக் விழும் நடைபாதைக்கும் நடுவே தாழ்வான கட்டடம் ஒன்று மறைக்கிறது. விழுவது தெரியும், தரையில் மோதுவது தெரியாது. நகராதே என்று ஏன் சொன்னான் என்பது அப்போதுதான் பிடிபட்டது.

சரி, நாடி? ஜான் டாக்டராயிற்றே. அதே எபிசோடில் ஷெர்லாக் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பான். அதை அக்குளில் வைத்து இறுக்கினால் கைக்கு ரத்தம் வருவது தடைபடும் என்று எங்களுக்கு ஒரு சந்தேகம். அத்தையின் பக்கத்து வீட்டு அக்கா நர்ஸ். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து, தெருவில் பையன்கள் ஆடும் ரப்பர் பந்தை வாங்கி அக்குளில் வைத்துக் கையை உடம்போடு ஒட்டி அழுத்தினேன். அக்கா மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். விரலை மாற்றி மாற்றி வைத்தார். "இருந்துச்சு, இப்ப இல்லடா தம்பி" என்றவர் உடனே கழுத்தில் கை வைத்து, "இங்க நல்லாவே அடிக்குது" என்றார். திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஜான் மணிக்கட்டைத்தான் தொடுகிறான், அதற்குள் சுற்றி நிற்பவர்கள் அவனை இழுத்துவிடுகிறார்கள். அன்றைக்கு எங்களுக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த எபிசோடு எனக்கு இவ்வளவு பிடிக்கக் காரணமே இதுதான். 1893இல் கானன் டாயில் எழுதிய மூலக்கதையில் ஹோம்ஸ் அருவியில் விழுந்ததாகத்தான் இருக்கும், உடல் கிடைக்காது. அதனால் 1903இல் அவரைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டமில்லை. இங்கே உடலைக் கண் முன்னால் போட்டு, டாக்டர் நண்பனையே தொடவும் விட்டுவிட்டு, அப்புறம் உயிரோடு காட்டுகிறார்கள். எவ்வளவு துணிச்சல்!

2014இல் மூன்று விதமாகக் காட்டினார்கள். மூன்றாவதை ஷெர்லாக்கே, போலீஸ் தடயவியல் ஆளாக இருந்த ஆண்டர்சனிடம் உட்கார்ந்து சொல்கிறான்: கீழே பெரிய காற்று மெத்தை, ஜானைத் தாமதப்படுத்தச் சைக்கிள், அக்குளில் பந்து. பந்து என்றதும் நான் கத்திய கத்தலில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள். அதுவும் பொய்யாக இருக்கலாம் என்று ஆண்டர்சனே சந்தேகப்படுகிற மாதிரிதான் விட்டிருக்கிறார்கள். நான் அதைத்தான் நம்புகிறேன். மறைக்கிற கட்டடம், சைக்கிள், மணிக்கட்டு மூன்றும் வேறு எதிலும் இப்படிப் பொருந்தவில்லை.

அத்தான் மட்டும் இன்னும் லாரியை விடவில்லை. போன பொங்கலுக்குப் போனபோதும் அதே பத்து நிமிஷத்தை டிவியில் போட்டு, லாரி கிளம்பும் இடத்தில் நிறுத்திக் காட்டினார்.