ஆப்டிமைசேஷன் மாடல் எழுதுறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

பாதிக் கேள்வி பல்ப் (PuLP) பத்தி வந்திருக்கு, மிச்சம் குரோபி, பியோமோ. மூணுமே பைத்தான்ல மாடல் எழுத உதவுறவை, குரோபி விடை கண்டுபிடிக்கிற சால்வரும் கூட. எதுல எழுதினாலும் கணக்கு ஒண்ணுதான், அதனால கோட் முழுசையும் ஒட்டாதீங்க. எதை முடிவு பண்ணணும் (வேரியபிள்), எதை மீறக்கூடாது (கன்ஸ்ட்ரெயிண்ட்), எதைக் குறைக்கணும் (அப்ஜெக்டிவ்)னு மூணு வரி எழுதினா போதும்.

கேள்வி: குடோன் திறக்கலாமா வேணாமான்னு ஒரு பைனரி வேரியபிள் (0 இல்லன்னா 1). திறந்தாத்தான் சரக்கு போகணும்னு "சரக்கு ≤ 10,00,000 × பைனரி" போட்டிருக்கேன். குரோபில ஓட்டினா மூடின குடோன்ல இருந்து 7 டன் போகுது. சால்வர்ல பக் இருக்கா?

பதில்: சால்வர்ல ஒண்ணும் இல்லங்க, வில்லன் அந்த 10 லட்சம்தான், இதைத்தான் "பெரிய எம்"னு சொல்லுவாங்க. குரோபி டீஃபால்ட்டா 0.00001 அளவு விலகி இருந்தாலும் அதை முழு எண்ணுன்னு ஏத்துக்கும். அதை 10 லட்சத்தால பெருக்கிப் பாருங்க, 10 வருது. அந்த சந்துல உங்க 7 டன் நழுவிருச்சு, குடோன் வாடகையும் கிட்டத்தட்ட பூஜ்யம்.

இன்னொரு தொல்லையும் இருக்கு. பைனரிய 0க்கும் 1க்கும் நடுவுல எது வேணா எடுத்துக்கோன்னு தளர்த்தி விட்டுத்தான் சால்வர் முதல்ல கணக்கு போடும். அப்ப 400 டன் அனுப்ப பைனரி 0.0004 இருந்தா போதும், வாடகைல அதே 0.0004 பங்குதான் செலவுல ஏறும். இப்படி வர்ற கீழ் எல்லை (செலவு இதுக்குக் கீழ போகாதுங்கிற கணக்கு) எதுக்கும் உதவாது, சால்வர் கிளை கிளையா பிரிச்சுத் தேடுற மரம் வளந்துகிட்டே போகும், நீங்க ராத்திரி பூரா காத்திருப்பீங்க. குடோன் கொள்ளளவு 400 டன்னா எம் 400தான், அதுக்கு மேல ஒரு கிலோ கூட வேணாம். இன்னும் நல்ல வழி, கடை கடையா எழுதுறது. ஒரு கடைக்கு 30 டன் தேவைன்னா "அந்தக் குடோன்ல இருந்து அந்தக் கடைக்குப் போறது ≤ 30 × பைனரி". கன்ஸ்ட்ரெயிண்ட் எண்ணிக்கை கூடும், ஆனா எல்லை இறுகும், பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

கேள்வி: எக்ஸ் > 0ன்னு எழுதினா பல்ப் எரர் அடிக்குது.

பதில்: அடிக்கத்தான் செய்யும். ≤, ≥, = மட்டும்தான். முழு எண்ணா இருந்தா ≥ 1, இல்லன்னா உங்க தொழில்ல அர்த்தமுள்ள குறைஞ்ச அளவு எதுவோ அது.

கேள்வி: "எக்ஸ் 50க்கு மேல போனா தள்ளுபடி"ன்னு பைத்தான் இஃப் போட்டேன். எப்பவும் தள்ளுபடி விழுது.

பதில்: நீங்க மாடல் கட்டுறப்ப எக்ஸுக்கு மதிப்பே கிடையாது, அது சால்வர் முடிச்சப்புறம்தான் வரும். பல்ப்ல எழுதுறப்ப இஃப்ல "எக்ஸ் ≥ 50"ன்னு போட்டா பைத்தான் கையில கிடைக்கிறது ஒரு கன்ஸ்ட்ரெயிண்ட் ஆப்ஜெக்ட், அதை உண்மைன்னு எடுத்துகிட்டு உள்ள போயிடும். இஃபை பைனரியா மாத்தி எழுதணும். எழுதிட்டு மாடலை எல்பி ஃபைலா (கன்ஸ்ட்ரெயிண்ட் எல்லாம் வரி வரியா இருக்கிற டெக்ஸ்ட் ஃபைல்) வெளிய எடுத்துக் கண்ணால படிங்க, ரெண்டு கடை ரெண்டு குடோன் வச்சு சின்னதா. இதைச் செஞ்சிருந்தா இங்க வந்த கேள்வில பாதி வந்திருக்காது.

கேள்வி: நானும் பெரிய எம்தான் போட்டேன், 99,99,999. ரொம்ப மெதுவா ஓடுது.

பதில்: மேல படிங்க.

கேள்வி (இன்னொரு உறுப்பினர்): சார், எதுக்கு இவங்களை எம் வச்சு பயமுறுத்துறீங்க? இண்டிகேட்டர் கன்ஸ்ட்ரெயிண்ட் ("பைனரி 0ன்னா சரக்கு 0"ன்னு நேரடியா சொல்றது) போட்டா எம்மே வேணாமே. எம் போட்டாலும் ப்ரீசால்வ் (தீக்கிறதுக்கு முன்னாடி சால்வர் மாடலைச் சுருக்குற வேலை) தானா இறுக்கிடுமே.

பதில்: ப்ரீசால்வ் இறுக்கும், ஒத்துக்கிறேன். ஆனா சரக்கு வேரியபிளுக்கு மேல் எல்லை தெரிஞ்சாத்தானே? இவங்க மேல் எல்லையே கொடுக்கல, அது 400ன்னு சால்வருக்கு யார் போய்ச் சொல்றது?

அவரே: அதனாலதான் இண்டிகேட்டர்ங்கிறேன்.

பதில்: எல்லை தெரிஞ்சா பல சால்வர் இண்டிகேட்டரையே உள்ளுக்குள்ள எம்மா மாத்திக்கும். தெரியலன்னா தளர்த்தின கணக்குல அந்த கன்ஸ்ட்ரெயிண்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான், 7 டன் நழுவாது, ஆனா எல்லை அதே சொத்தை எல்லை. ரெண்டு வழியிலயும் கடைசில உங்களைக் கேக்குறது அந்த 400ஐத்தான். பல்ப்ல நேரடியா இண்டிகேட்டர் எழுத வசதியும் கிடையாது, குரோபி, சிப்ளெக்ஸ், ஸ்கிப் மாதிரி சால்வரை நேரடியா வச்சிருக்கவங்க போடலாம். இயல்பான எல்லையே இல்லாத வேரியபிள்னா நீங்க சொல்றது சரி, அங்க நானும் இண்டிகேட்டர்தான் போடுவேன். குடோனுக்கு இயல்பான எல்லை இருக்கு, சுவர்.

அவரே: சரி சார், சுவரை ஒத்துக்கிறேன்.

கேள்வி: நர்ஸ் ஷிஃப்ட் போடுறேன், யாருக்கும் சராசரில இருந்து ரொம்ப விலகக்கூடாது. ஏபிஎஸ் ஃபங்ஷன் (கூட, குறையைப் பாக்காம அளவை மட்டும் தர்றது) ஒத்துக்க மாட்டேங்குது.

பதில்: விலகல்னு ஒரு புது வேரியபிள். மணி − சராசரி ≤ விலகல், சராசரி − மணி ≤ விலகல், விலகலைக் குறை. குறைக்கிறதால மட்டும்தான் இது சரியா வேலை செய்யும், அதிகரிக்கப் போனா சால்வர் விலகலை வானத்துக்கு ஏத்திடும், அப்ப பைனரி இல்லாம முடியாது.

கேள்வி: இன்ஃபீசிபிள்னு (எல்லா கன்ஸ்ட்ரெயிண்டுக்கும் பொருந்துற விடையே இல்லன்னு) வருது. எந்த வரில தப்புன்னு சொல்ல முடியுமா?

பதில்: மாடலைப் பாக்காம முடியாது. குரோபில ஐஐஎஸ் கேளுங்க, ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிற சின்னக் கும்பலைப் பிரிச்சுக் காட்டும். அது இல்லாத இடத்துல சந்தேகப்படுற ஒவ்வொரு கன்ஸ்ட்ரெயிண்டுக்கும் ஒரு ஸ்லாக் (மீற விடுற அளவு) கொடுத்து அப்ஜெக்டிவ்ல அபராதம் போடுங்க, எது பூஜ்யத்துக்கு வரலையோ அங்க தோண்டுங்க.

கேள்வி: எனக்கும் இன்ஃபீசிபிள்.

பதில்: மேல.

கேள்வி: ஷேர்ல எதை வாங்கலாம்னு இதுல கண்டுபிடிக்கலாமா?

பதில்: என் ஏரியா இல்ல.

கேள்வி: காசில்லாம எந்த சால்வர்?

பதில்: பல்ப்போட வர்ற சிபிசில ஆரம்பிங்க. திணறினா ஹைஸ், அல்லது ஸ்கிப் (2022ல இருந்து அப்பாச்சி லைசென்ஸ்). காலேஜ்ல இருந்தா குரோபி அகாடமிக் லைசென்ஸ் இலவசம். எம் தப்பா இருந்தா எதை மாத்தியும் பிரயோஜனம் இல்ல, இதையும் சேத்தே சொல்லிடுறேன்.

கேள்வி: 40 கடை சுத்தி வர ரூட். விடைல மூணு தனித்தனி வட்டமா வருது.

பதில்: ஒவ்வொரு கடைக்கும் ஒரு தடவை வா, ஒரு தடவை போன்னு மட்டும் எழுதினா அப்படித்தான் வரும். சுலபமான வழி 1960ல மில்லர், டக்கர், ஜெம்லின் சொன்னது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு வரிசை எண் வேரியபிள், ஐல இருந்து ஜேக்குப் போனா ஜே எண் ஐ எண்ணைவிட பெருசா இருக்கணும் (கிளம்பின இடத்துக்குத் திரும்புறதுக்கு மட்டும் இது கிடையாது). ஆனா அதுக்குள்ளயும் ஒரு எம் ஒளிஞ்சிருக்கு, அதனால அது பலவீனமானது. 1954ல டான்ட்சிக், ஃபல்கர்சன், ஜான்சன் மூணு பேரும் 49 ஊர் கணக்கை முடிச்சாங்க, துண்டு வட்டம் வந்தப்ப மட்டும் அதை வெட்டுற கன்ஸ்ட்ரெயிண்டைச் சேத்து மறுபடி தீத்தாங்க. நீங்களும் அதே பண்ணுங்க. தீருங்க, வட்டம் இருந்தா அந்த வட்டத்துக் கடைகளுக்குள்ள போற வழிகளோட எண்ணிக்கை ≤ கடை எண்ணிக்கை − 1ன்னு ஒரு வரி, திரும்பத் தீருங்க. 40 கடைக்கு சிபிசியே தாங்கும்.