கேளுங்கள், சொல்கிறேன்: மூன்று முறை சொன்ன கோ-பைலட்

? 2010 மங்களூர் விபத்தில் கோ-பைலட் மூன்று முறை எச்சரித்தும் கேப்டன் கேட்கவில்லையாமே? அவர் முன்னாலும் அதே கன்ட்ரோல் இருக்கிறதே, ஏன் சும்மா இருந்தார்?
- வாசகர், நாகர்கோவில்

வாயால் சொன்னார், கையை வைக்கவில்லை. அதுதான் நடந்தது.

மே 22, காலை ஆறு மணி. துபாயிலிருந்து 166 பேரோடு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737. வழியில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருக்கிறார். காக்பிட் ஒலிப்பதிவில் குறட்டைச் சத்தமே கேட்கிறது! தூக்கக் கலக்கத்தோடு ரன்வேயை நெருங்கும்போது, இருக்கவேண்டிய உயரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கில் விமானம் இருந்தது. (மங்களூர் ரேடார் அப்போது பழுது. அதனால் கீழே இறங்க அனுமதி தாமதமாகத்தான் கிடைத்தது.) 'கோ அரவுண்ட்' என்றார் கோ-பைலட். இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா என்று அர்த்தம். மூன்று தடவை. எச்சரிக்கைக் கருவியும் கத்தியது.

2,450 மீட்டர் ரன்வேயில் சுமார் 1,600 மீட்டர் தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. அப்போதும் முழு பிரேக் போட்டு, அதை விடாமல் பிடித்திருந்தால் நின்றிருக்கும். கேப்டன் பிரேக் போட்டார், அப்புறம் மனசு மாறி மறுபடி எழும்பப் பார்த்தார். மலை உச்சியைச் சமன் செய்து போட்ட ரன்வே அது, முடிந்த இடத்தில் பள்ளம். 158 பேர் போய்விட்டார்கள், எட்டே பேர் பிழைத்தார்கள்.

கோ-பைலட் தானே கன்ட்ரோலை எடுக்கலாமா என்பதில் விதிமுறைகளே குழப்பமாக இருந்தன என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. சரி, விதி தெளிவாக இருந்தால் மட்டும் கை நீளுமா? முப்பது வருஷம் விமானங்களுக்கு ஸ்பேனர் பிடித்தவன் நான். ஒருமுறை சின்ன வயசு கோ-பைலட் ஒருவர் படியிறங்கி என்னிடம் வந்து, "சார், லோடு ஷீட்ல ஒரு நம்பர் இடிக்குது, கேப்டன்கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார். கையில் அந்த எடைக் கணக்குத் தாள் நான்காக மடிந்து கசங்கியிருந்தது. உள்ளே ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல, வெளியே வெயிலில் நிற்கும் நான் வேண்டியிருந்தது. போய்ச் சொன்னேன். கேப்டன் பார்த்துவிட்டு "அட, ஆமா" என்று திருத்திக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம்.

நம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் டிரைவர் முதலில் பிரேக்கை மிதிக்கிறார். சண்டை எல்லாம் பஸ் நின்ற பிறகுதான்.

? போன மாதம் நாங்கள் வந்த விமானம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் திடீரென்று மேலே கிளம்பிவிட்டது. உயிரே போய்விட்டது!
- வாசகி, தஞ்சாவூர்

மேலே சொன்ன கோ அரவுண்ட் அதுதான் அம்மா. அன்றைக்கு யாரோ சொல்லியிருக்கிறார், யாரோ கேட்டிருக்கிறார்.